கேளுங்கள் டீச்சரிடம்: ‘பாட்டி, நீங்க அடிமையா?’

கேள்வி: வணக்கம் டீச்சர். செபராங் பிறையில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளி முடிந்ததும் நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகள் பதினான்கு பேரை வைத்து ஒரு வாசிப்புக் குழு நடத்துகிறேன். தமிழ், சீன, மலாய்ப் பிள்ளைகள் கலந்திருக்கிறார்கள். இந்த முறை எர்னஸ்ட் கெய்ன்ஸின் ‘தி ஆட்டோபயோகிராஃபி ஆஃப் மிஸ் ஜேன் பிட்மன்’ நாவலை எடுத்தேன். முதல் வாரமே தகராறு. “எங்க பாட்டியும் தோட்டத்துல இப்படித்தான் இருந்தாங்க, நாங்களும் அடிமைங்கதான்” என்று ஒரு தமிழ்ப் பையன் சொன்னான். உடனே ஒரு சீனப் பெண், “கூலியும் அடிமையும் ஒண்ணா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இதைப் பேச விடுவதா, நிறுத்துவதா? வரலாற்றை முழுக்க நடத்திவிட்டுத்தான் நாவலுக்குள் போகவேண்டுமா?
– ஓர் ஆசிரியை, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: பேச விடுங்கள் டீச்சர். அந்தச் சீனப் பெண்ணுக்கு ஒரு ஐஸ் காச்சாங் வாங்கிக் கொடுங்கள், என் கணக்கில். நீங்கள் அரை வருடம் நடத்தவேண்டியதை ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாள்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1971இல் வந்த புத்தகம். தலைப்பில் சுயசரிதை என்று இருந்தாலும் இது நாவல்தான், மிஸ் ஜேன் கற்பனைப் பாத்திரம். 1962ஆம் ஆண்டு கோடையில் ஒரு வரலாற்று ஆசிரியர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நூற்றுப்பத்து வயதை ஒட்டிய ஒரு கிழவியிடம் டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு கதை கேட்கிறார், கிழவிக்கு ஞாபகம் தவறும் இடங்களில் பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்துச் சொல்கிறார்கள், இப்படித்தான் நாவல் போகும். அடிமையாகப் பிறந்து, சிவில் உரிமைப் போராட்டம் வாசலுக்கு வரும்வரை உயிரோடு இருக்கிற ஒருத்தி. கெய்ன்ஸ் அந்த மாநிலத்திலேயே ஒரு தோட்டத்தில் 1933இல் பிறந்தவர். அந்த வட்டாரத்தில் கறுப்பர் பிள்ளைகளுக்கு உயர்நிலைப்பள்ளி இல்லாததால் பதினைந்து வயதில் கலிபோர்னியாவுக்குப் போனவர்.

சரி, உங்கள் தகராறுக்கு வருவோம். நான் நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள், அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். இந்த நாவலை முதல்முறை படித்தபோது நானும் உங்கள் பையன் மாதிரிதான் படித்தேன். நாவலின் நான்கு பாகங்களில் ஒன்றுக்கு ‘தோட்டம்’ என்றே பெயர், இன்னொன்றின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘லயம்’, தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அவர்களுடைய ‘பெரிய வீடு’ நமக்குத் துரை பங்களா. ஒவ்வொரு சொல்லுக்கும் நம் கையில் ஒரு சொல் தயாராக இருக்கிறது. இந்த வசதிதான் ஆபத்தும். சொல் பொருந்திவிட்டது என்பதற்காக வாழ்க்கையும் பொருந்திவிட்டதாக நினைத்துக்கொண்டு மேலே மேலே போய்விடுகிறோம்.

வித்தியாசத்தைச் சட்டத்திலிருந்து தொடங்குங்கள், பிள்ளைகளுக்கு அது சட்டென்று பிடிபடும். அமெரிக்காவின் 1860 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 40 லட்சம் பேர் இன்னொருவருடைய சொத்து. தாய் அடிமை என்றால் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அடிமை, அப்பன் யாராக இருந்தாலும், அந்த எஜமானனே அப்பனாக இருந்தாலும். விற்கலாம், அடகு வைக்கலாம், உயில் எழுதி மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம். நம்முடைய சஞ்சிக்கூலி முறை, அதாவது ஒப்பந்தக்கூலி முறை, வேறு. பிரிட்டிஷ்காரன் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்க 1833இல் சட்டம் போட்டான், அதற்குப் பிறகு ஆள் தேடி அலைந்த முதலாளிகளுக்குக் கிடைத்தவர்கள் நாம். உங்கள் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் முதலில் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். ஒப்பந்தம், கப்பல் கடன், ஓடிப்போனால் சிறை. கொடுமைதான், சந்தேகமே இல்லை. ஆனால் தோட்டத்தில் பிறந்த குழந்தை துரையின் சொத்து அல்ல. தாயைத் தைப்பிங்கிலும் மகளைக் கிள்ளானிலும் யாரும் ஏலம் விடவில்லை. சஞ்சி முறை 1910இல் நின்றது. கங்காணி வழியாக ஆள் வருவது, இந்திய அரசு தடைபோட்ட 1938 வரை நடந்தது.

இதையெல்லாம் பலகையில் எழுதிவிட்டு “ஆகவே நீ சொன்னது தப்பு தம்பி” என்று உட்கார வைத்துவிடாதீர்கள். அந்தப் பையன் சொன்னதில் ஒரு வலி இருக்கிறது, அதற்குச் சரியான சொல் அவனுக்குக் கிடைக்கவில்லை, கிடைத்த பெரிய சொல்லை எடுத்து வைத்துவிட்டான். அவனை வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடமே கேட்கச் சொல்லுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் அப்படி ஒருவனை அனுப்பினேன். பட்டர்வொர்த்தில் ஒரு அடுக்குமாடி வீடு. பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது, கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். பையன் கைப்பேசியைக் கீரைத்தட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, முன்னே பின்னே எதுவும் பேசாமல், “பாட்டி, நீங்க அடிமையா?” என்று கேட்டுவிட்டான். பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதலில் ஒரு சிரிப்பு. அப்புறம், “அடிமையா? யாருடா சொன்னது உனக்கு? மாசம் பொறந்தா கைநீட்டிச் சம்பளம் வாங்குனவடா நான்.” கொஞ்ச நேரம் கீரைத்தண்டு ஒடிகிற சத்தம் மட்டும் கேட்கும். பிறகு அவராகவே தொடங்குகிறார். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்திப் போன ஒரு நாள், கைக்குழந்தைக்குக் காய்ச்சல், கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பெயரை வெட்டிவிட்டான், ஒரு நாள் சம்பளம் போச்சு, ஆயாக்கொட்டகையில் விட்ட பிள்ளை அழுதது வெட்டுக்காடு வரைக்கும் கேட்ட மாதிரியே இருந்தது என்கிறார். முடித்துவிட்டுப் பேரனிடம் சொல்கிறார்: “இதைப் போட்டுக்க. அந்த அடிமைன்ற வார்த்தைய மட்டும் போடாதே.”

அவன் கட்டுரையில் அந்த வார்த்தை வரவில்லை. தன்னை என்ன சொல்லி அழைக்கவேண்டும் என்பது பாட்டியின் உரிமை இல்லையா? நாவலே அங்கேதானே தொடங்குகிறது! பத்துப் பதினோரு வயதுச் சிறுமி, எஜமானி வீட்டில் அவள் பெயர் டைசி. உள்நாட்டுப் போர்க் காலம். வடக்குப் படைவீரர்களுக்குத் தண்ணீர் சுமந்து வந்து கொடுக்கிறாள். பிரவுன் என்ற வீரன், அது அடிமைப் பெயர், ஒஹையோவில் என் மகளுக்கு ஜேன் என்று பெயர், நீயும் அதையே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். மறுபடி எஜமானி ‘டைசி’ என்று கூப்பிட்டால் சிறுமி திரும்புவதில்லை. சாட்டையால் ரத்தம் வர அடிக்கிறார்கள். என் பெயர் ஜேன் பிரவுன் என்கிறாள். வீட்டு வேலையிலிருந்து வயலுக்குத் தள்ளுகிறார்கள். அப்போதும் ஜேன் பிரவுன்தான். முதல் இரண்டு வாரத்தையும் இந்த ஒரு காட்சிக்கே கொடுத்துவிடுங்கள், நஷ்டமில்லை. “உனக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், பேஸ்புக்கில் ஒரு பெயர், இதில் எதற்குத் திரும்புவாய்?” என்று கேட்டுப் பாருங்கள், மூன்று இனப் பிள்ளைகளும் வாயைத் திறப்பார்கள்.

வரலாற்றை முன்கூட்டி முழுக்க நடத்தவேண்டாம், தூங்கிவிடுவார்கள். மூன்று ஆண்டுகள் போதும்: அடிமைமுறையை ஒழித்த அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறிய 1865, தனித்தனியாக வைப்பது சட்டப்படி சரி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன 1896, அதைப் பொது இடங்களில் செல்லாமல் ஆக்கிய சிவில் உரிமைச் சட்டத்தின் 1964. முதல் ஆண்டுக்கும் கடைசி ஆண்டுக்கும் நடுவில் எத்தனை வருடம் என்று கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தொண்ணூற்று ஒன்பது. ஒரு கிழவியின் ஆயுள். கெய்ன்ஸ் ஏன் நூறு தாண்டிய கிழவியைப் பிடித்தார் என்று அப்போது புரியும்.

இன்னொன்று. விடுதலை கிடைத்ததும் கிளம்பிப் போகிற கூட்டத்தைக் காட்டுக்குள் வைத்துக் கொல்கிற அத்தியாயம் வரும். அதைப் பிள்ளைகள் வீட்டில் படித்துக்கொள்ளட்டும், வகுப்பில் கண்ணீர்ப் போட்டி வேண்டாம். அதைவிடப் பயங்கரமான ஒன்று பின்னால் இருக்கிறது, சத்தமில்லாமல். ஜேன் மகன் மாதிரி வளர்த்த நெட், படித்துவிட்டு வந்து கறுப்பர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறான். அவனைக் கொல்லப்போகிற ஆல்பர்ட் க்ளூவோ, ஜேனோடு மீன் பிடிக்கிறவன், அவள் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறவன். உன் பையனைத் தீர்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவனே அவளிடம் சொல்கிறான். இங்கே நிறுத்திவிட்டு, இவன் ராட்சசனா என்று கேளுங்கள். ராட்சசன் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது, அவ்வளவு சுலபமாக முடிய விடாதீர்கள். அந்தக் காப்பியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசலாம்.

மலாய், சீனப் பிள்ளைகளை வெறும் பார்வையாளர்களாக உட்கார வைக்காதீர்கள். பேராக்கில் கடனுக்காகக் குடும்பத்தோடு அடிமையாக இருந்தவர்கள் உண்டு. 1875இல் பாசிர் சாலாக்கில் பிரிட்டிஷ் அதிகாரி பர்ச் கொல்லப்பட்டதற்குப் பின்னால், ஓடிவந்த அடிமைகளுக்கு அவர் அடைக்கலம் கொடுத்ததும் ஒரு காரணம். பினாங்கின் பழைய சீன வீடுகளில் மூய் சாய் என்று விலைக்கு வாங்கிய சிறுமிகள் வேலை செய்தார்கள். நீங்களாக அவிழ்க்கவேண்டாம், மெல்லக் கதவைத் திறந்து வையுங்கள், வருகிறவர்கள் வரட்டும்.

கேள்வி: டீச்சர், என் மகளுக்கும் பள்ளி வாசிப்புக் குழுவில் இப்படி ஓர் அமெரிக்க அடிமைக் கதையைக் கொடுத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குச் சஞ்சிக்கூலி என்றாலே என்னவென்று தெரியாது, ஜப்பான்காரன் காலத்துச் சயாம் மரண ரயிலும் தெரியாது. இதில் எங்கோ இருக்கிற லூசியானா எதற்கு?
– ஓர் அப்பா, செந்தூல்

பதில்: ஐயா, உங்கள் கோபத்தில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி: நம் கதையை மகளிடம் நீங்கள் எப்போது சொன்னீர்கள்? பள்ளி சொல்லவில்லை, சரி, வீடு சொன்னதா? வெளியூர்க் கதை ஒன்றைப் படித்த பிறகுதான் பல பிள்ளைகள் வீட்டில் வந்து “நம்ம கதை என்ன?” என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் நீங்கள் டிவி பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

கேட்டால் சொல்வதற்கு ஒன்று தருகிறேன், உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. 1941, கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள். ஆர்.எச். நாதன் தலைமையில் தொழிலாளர்கள் கேட்டவற்றின் பட்டியலைப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்குப் படிப்பு கொடு, எங்கள் பெண்களிடம் வாலாட்டாதே. இவற்றோடு இன்னொன்று: வெள்ளைக்காரத் துரையோ ஆசியக் கிராணியோ எதிரே வந்தாலும் நாங்கள் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம்.

சைக்கிள், ஐயா. காலையில் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒருவன் சொந்தச் சைக்கிளில் போகிறான், எதிரே துரை வருகிறான். இறங்கி, ஓரமாக நின்று, அவன் போன பிறகு மறுபடி ஏறவேண்டும். இறங்கமாட்டேன் என்பதையும் கூலி உயர்வோடு ஒரே பட்டியலில் எழுதினார்கள். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள், வேலைநிறுத்தம் பரவியது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். இதற்குப் பதினான்கு வருடம் கழித்து, 1955 டிசம்பர் 1ஆம் தேதி, அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையைவிட்டு எழ மறுத்தார். ஊரே 381 நாள் பேருந்தில் ஏறாமல் நடந்தது. இங்கே இறங்கமாட்டேன், அங்கே எழமாட்டேன். உங்கள் மகளுக்கு இரண்டையும் ஒரே மாலையில் சொல்லிப் பாருங்கள், லூசியானா எதற்கு என்று அவளே உங்களுக்குச் சொல்லுவாள்.

ஆனால் ஒன்றை மறைக்காதீர்கள். அந்தக் கிராணிகளில் நம்மவர்களும் இருந்தார்கள். சைக்கிளை விட்டு இறங்கவேண்டியிருந்தது வெள்ளைத் தோலுக்கு மட்டுமல்ல.

கேள்வி: நான் பல்கலைக்கழக மாணவி. வாரக் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டியூஷன் நிலையத்தில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளோடு அதே நாவலைத்தான் படிக்கிறேன். கறுப்பர்களைக் கேவலமாகச் சொல்கிற அந்த வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. நான் அதைச் சத்தமாகப் படிப்பதா, தாண்டுவதா? பையன்கள் அதை ராப் பாட்டில் கேட்டுப் பழகிச் சிரிக்கிறார்கள் அக்கா.
– ஒரு தங்கை, கோலாலம்பூர்

பதில்: டீச்சரை அக்கா ஆக்கிவிட்டாய், சந்தோஷம். தாண்டு. வாய்விட்டுச் சொல்லவேண்டாம், அந்த இடம் வரும்போது ஒரு நொடி நிறுத்திவிட்டு மேலே படி. அச்சில் இருப்பதை அழிக்கவேண்டாம், மையால் பூசவேண்டாம், கண்ணால் படிக்கட்டும். முதல் நாளே இதுதான் ஏற்பாடு என்று சொல்லிவிடு. ஒரு வார்த்தைக்கு எதற்கு இவ்வளவு என்று எவனாவது கேட்பான். அப்போது 2011ஐச் சொல்லு.

உனக்கு அப்போது சின்ன வயது. தேசிய இலக்கியவாதி அப்துல்லா ஹுசேனின் ‘இன்டர்லோக்’ நாவல் (அதுவும் 1971இல் வந்ததுதான்!) ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடநூலாகக் கிள்ளான் பள்ளத்தாக்குப் பள்ளிகளுக்கு வந்தது. அதில் இந்தியாவிலிருந்து வரும் பாத்திரம் பறையர் சாதி என்று ஒரு வரி. எவ்வளவு கொந்தளிப்பு! ஆர்ப்பாட்டம், போலீஸ் புகார், திருத்தக் குழு, கடைசியில் புத்தகத்தையே எடுத்துவிட்டார்கள். பல இன வகுப்பில், நாற்பது பேர் நடுவில், ஆசிரியர் அந்தச் சொல்லை வாசிக்கும்போது எல்லாத் தலைகளும் ஒரு தமிழ்ப் பிள்ளையின் பக்கம் திரும்புமே, அந்தத் திரும்புதலைத்தான் நாம் தாங்கமாட்டோம் என்றோம். நியாயம். உன் பையன்களிடம், அந்த நாற்காலியில் இப்போது ஒரு கறுப்பினப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள் என்று சொல்லு. நினைக்கக்கூட வேண்டாம், கோலாலம்பூர்க் கல்லூரிகளில் ஆப்பிரிக்க மாணவர்கள் எத்தனை பேர்! அவர்களை ‘ஆவாங் ஹித்தாம்’ என்றும் ‘காப்பிரி’ என்றும் எல்.ஆர்.டி. ரயிலில் காது கேட்கவே பேசுகிறோம், மொழி புரியாது என்ற தைரியத்தில்.

இன்னும் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த 2011 கோபத்தில் ஒரு பகுதி, அப்படி ஒரு சொல் இருக்கக்கூடாது என்பதற்காக வந்தது. இன்னொரு பகுதி, “நாங்கள் அவர்கள் இல்லை” என்று சொல்வதற்காக வந்தது. மேடையில் முழங்கிய சிலர் கல்யாணத் தரகரிடம் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். நாவலின் கடைசிப் பகுதியில் வெள்ளையர் குடிக்கும் தண்ணீர்க் குழாயில் ஒரு கறுப்பினப் பெண் குடித்துக் கைதாக வேண்டும் என்று போராட்டக்காரர்கள் ஏற்பாடு செய்வார்கள். அதைப் படித்து உச்சுக்கொட்டுகிற வகுப்பில், தமிழ்நாட்டு டீக்கடைகளின் இரட்டைக் குவளையையும் பேசு. ஜோதிராவ் பூலே 1873இலேயே தன் ‘குலாம்கிரி’ நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அங்கே நடந்தது அவருக்கு உடனே இங்கேயும் தெரிந்தது. நமக்குத்தான் பாதி தெரிகிறது.

சிரிக்கிற பையன்களை விட்டுவிடு. கூச்சத்தில் சிரிக்கிறார்கள், மூன்றாவது வாரம் அடங்கிவிடும். அடங்காதவனைக் கரும்பலகையில் தேதி எழுதப் போடு.

கேள்வி: இந்த நாவல் படமாகவும் வந்திருக்கிறதாமே? புத்தகம் நீளம். படத்தைப் போட்டுக் காட்டினால் போதாதா?
– அவசரக்காரர், ஆயர் ஈத்தாம்

பதில்: 1974இல் தொலைக்காட்சிப் படமாக வந்தது, சிசிலி டைசன் நடித்தார். நல்ல நடிப்பு, காட்டுங்கள், ஆனால் புத்தகத்துக்குப் பிறகு. காரணம் முடிவு. படத்தில் கிழவி தள்ளாடித் தள்ளாடி நீதிமன்றத்துக்கு நடந்துபோய், அந்தத் தடைபோட்ட குழாயில் தண்ணீர் குடிப்பார். பார்க்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும். நாவலில் அந்தக் காட்சி கிடையாது. போராட்டத்துக்கு அழைத்த ஜிம்மியைச் சுட்டுவிட்டார்கள் என்று செய்தி வருகிறது, தோட்ட முதலாளி வழியில் நிற்கிறான், இருவரும் ஒருவரை ஒருவர் வெகுநேரம் பார்க்கிறார்கள், கிழவி அவனைத் தாண்டிப் போகிறார், அவ்வளவுதான், புத்தகம் முடிந்துவிடும்.

எங்கள் குழுவில் படத்தைத் தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் நிறுத்திவிட்டுக் கடைசிப் பக்கத்தை ஒரு பெண்ணைப் படிக்கச் சொன்னேன். படித்து முடித்துப் பக்கத்தைத் திருப்பினாள், வெற்றுத் தாள். “அப்போ தண்ணி குடிச்சாங்களா இல்லையா டீச்சர்?” என்றாள். புத்தகத்தில் இல்லையே என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.